நண்பர்களோடு ஆன்லைனில் கேம் விளையாட: சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கன்சோல் வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாரோடு விளையாடப் போகிறீர்கள்? தனியாக ஆடுவதற்கு எந்தக் கருவியும் நல்ல கருவிதான். நண்பர்களோடு ஆடுவதென்றால், அவர்கள் கையில் என்ன இருக்கிறது, எந்த ஊரில் இருக்கிறார்கள், வாரத்தில் எந்த இரவு அவர்களுக்கு ஒழியும் என்பவைதான் உங்கள் கருவியையும் கேமையும் முடிவு செய்ய வேண்டும். இதை யோசிக்காமல் வாங்கியவர்களின் கன்சோல்தான் ஆறு மாதத்தில் கரோசெலில் விற்பனைக்கு வருகிறது.

பள்ளி நாள்களில் பிளேஸ்டேஷன் 2 ஆடியதோடு நிறுத்திவிட்டு இப்போது திரும்பி வருபவர்கள், தம்பி தங்கைகளோடு சேர்ந்து ஆட விரும்புபவர்கள், வெளியூரில் இருக்கும் பழைய நண்பனோடு தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க வழி தேடுபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். படிப்படியாகப் போகலாம்.

முதலில் வாட்ஸ்அப் குழு, அப்புறம்தான் கடை

ஒரு சிறு குழுவைத் தொடங்குங்கள். மூன்று அல்லது நான்கு பேர் போதும். பெரும்பாலான கேம்கள் இரண்டு, மூன்று, நான்கு பேருக்கு என்றே அமைக்கப்பட்டவை. ஃபோர்ட்நைட்டில் ஓர் அணிக்கு நால்வர், ராக்கெட் லீக்கில் வழக்கமாக மூவர் வரை. ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவர் காத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் ஒரே ஆளாக இருந்தால், அவர் மெல்ல வருவதை நிறுத்திவிடுவார்.

குழுவில் கேட்க வேண்டியவை: என்ன கருவி இருக்கிறது, எந்த நாள் ஒத்துவரும், பந்து விளையாட்டா, சண்டையா, சேர்ந்து புதிர் அவிழ்ப்பதா, எது பிடிக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நேரம்தான் பெரிய சிக்கல். தேசிய சேவையில் இருப்பவன் வெள்ளி இரவோ சனிக்கிழமையோ புக் அவுட் ஆவான், ஞாயிறு இரவு திரும்பிவிடுவான். மருத்துவமனையிலும் விமான நிலையத்திலும் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். சென்னையில் இருக்கும் அத்தை மகன் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறான். இங்கே இரவு 9.30 என்றால் அங்கே மாலை 7, அப்போதுதான் வேலையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்திருப்பான். ஜொகூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பவர்களுக்கு நேர வித்தியாசமே இல்லை. லண்டன் நண்பருக்கு, பருவத்தைப் பொறுத்து, ஏழு அல்லது எட்டு மணி நேரம் பின்னால். இதையெல்லாம் எழுதிப் பார்த்தால் வாரத்தில் ஓர் இரவுதான் எல்லாருக்கும் பொதுவாக மிஞ்சும். பெரும்பாலும் அது சனிக்கிழமை இரவு. அந்த ஓர் இரவைப் பிடித்துக்கொள்ளுங்கள். “ஃப்ரீயா இருக்கும்போது ஆடலாம்” என்று விட்டால் யாரும் ஆட மாட்டார்கள்.

எந்தக் கருவி

சந்தையில் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன: சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ், நின்டெண்டோவின் ஸ்விட்ச், ஸ்விட்ச் 2. நண்பர்கள் எல்லாரும் ஒரே குடும்பத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதையே வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று, பிளேஸ்டேஷன் வைத்திருக்கும் நால்வர் குழுவில் ஐந்தாவதாக எக்ஸ்பாக்ஸோடு சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கருவிகள் கலந்திருந்தால் கிராஸ்பிளே என்ற வசதியை நம்ப வேண்டும். வெவ்வேறு கருவியில் இருப்பவர்கள் ஒரே ஆட்டத்தில் சேர்வதுதான் அது. முன்பு இந்தக் கதவு மூடியே இருந்தது. 2018 செப்டம்பரில் சோனி ஃபோர்ட்நைட்டுக்காக அதைத் திறந்துவிட்ட பிறகு நிலைமை வேகமாக மாறியது. இன்று ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக், மைன்கிராஃப்ட் மூன்றையும் எந்தக் கருவியில் இருந்தாலும் சேர்ந்து ஆடலாம். கால் ஆஃப் டியூட்டியை பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும் இடையே ஆடலாம்.

ஆனால் எல்லாக் கேமிலும் இது இல்லை. மரியோ கார்ட் நின்டெண்டோவை விட்டு வெளியே வராது. கால்பந்துக் கேமான ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சியில் கிராஸ்பிளே உண்டு. ஆனால் எஃப்சி 24, 25 இரண்டிலும் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கணினி ஒரு பக்கம், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இன்னொரு பக்கம் என்று தலைமுறை வாரியாகப் பிரித்திருந்தார்கள். பழைய ஸ்விட்சில் இருப்பவர் இரண்டு பக்கமும் சேர முடியாது. ஆகவே வாங்கும் முன் அந்தக் கேமின் பெயரோடு கிராஸ்பிளே என்று தேடி, நண்பர்களின் கருவியும் உங்கள் கருவியும் ஒரே பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை, எண்பது தொண்ணூறு வெள்ளியைக் காப்பாற்றும்.

சிங்கப்பூரில் வாங்கும்போது

சிம் லிம் ஸ்குவேர், ஃபுனான் போன்ற இடங்களிலும், பேட்டைக் கடைத்தொகுதிகளில் இருக்கும் கேம் கடைகளிலும் புதிய கருவியும் பயன்படுத்திய டிஸ்க்கும் கிடைக்கும். கடையில் முதலில் கேட்க வேண்டியது, இது லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா என்பது. எக்ஸ்போர்ட் செட் (வேறு நாட்டுச் சந்தைக்கானது) விலை குறைவாக இருக்கலாம். ஆனால் பழுதானால் இங்குள்ள அதிகாரபூர்வ உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம், கடைக்காரர் தரும் உத்தரவாதத்தை மட்டும் நம்ப வேண்டியிருக்கும்.

ஜப்பானுக்குச் சுற்றுலா போகும்போது ஸ்விட்ச் 2 வாங்கி வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே மலிவாக விற்பது ஜப்பானிய மொழிக்கு மட்டுமான பதிப்பு. அதில் ஆங்கிலமே வராது. ஜப்பான் என்று பதிவுசெய்த நின்டெண்டோ கணக்கை மட்டுமே அதில் இணைக்க முடியும். ஏற்கெனவே வேறு நாட்டுக் கணக்கில் கேம்கள் வைத்திருப்பவருக்கு அது சரிப்படாது.

டிஸ்க் போடும் பிளேஸ்டேஷனா, டிஜிட்டல் பதிப்பா? நண்பர் குழு இருப்பவர்களுக்கு டிஸ்க் பதிப்பையே சொல்வேன். முடித்த டிஸ்க்கை நண்பருக்குக் கொடுக்கலாம், கடையில் மாற்றலாம், கரோசெலில் விற்கலாம். டிஸ்க் வாங்கும்போது மட்டும் பகுதியைப் பாருங்கள். நம் பகுதிக்கான ஆசியப் பதிப்பைக் கடைக்காரர்கள் ஆர்3 என்பார்கள். வேறு பகுதி டிஸ்க்கும் ஓடும். ஆனால் பின்னால் அந்தக் கேமுக்குக் கூடுதல் பகுதிகளை வாங்கினால், டிஸ்க்கின் பகுதியும் உங்கள் கணக்கின் பகுதியும் ஒத்துப்போகாமல் அவை வேலை செய்யாமல் போகும்.

இரண்டாம் கையாக வாங்குபவர்கள் எம்ஆர்டி நிலையத்தில் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம். விற்பவர் வீட்டிலேயே இயக்கிப் பாருங்கள். டிஸ்க் படிக்கிறதா, கண்ட்ரோலரின் குச்சிகளைத் தொடாமல் விட்டால் திரையில் எதுவும் தானாக நகர்கிறதா, உங்கள் கணக்கில் உள்ளே நுழைய முடிகிறதா. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பணம் கொடுக்கலாம். பழைய உரிமையாளரின் கணக்கு முழுவதும் நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

கணக்கு

பிளேஸ்டேஷன் கணக்கு திறக்கும்போது கேட்கப்படும் நாடு விளையாட்டான கேள்வி அல்ல. பின்னால் மாற்ற முடியாது. இங்கேதான் இருக்கப் போகிறீர்கள் என்றால் சிங்கப்பூரையே தேர்ந்தெடுங்கள். கடையில் வாங்கும் பணம் நிரப்பும் அட்டையும் அதே நாட்டுக்கானதாக இருக்க வேண்டும். நின்டெண்டோவில் நாட்டைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். இங்கே நீண்ட காலம் அவர்களின் இணையக் கடை இல்லாததால்தான் நம்மவர்கள் பலரும் அமெரிக்கக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து ஆட அது தடையாகாது.

இரு கட்டச் சரிபார்ப்பை அன்றைக்கே போட்டுவிடுங்கள். கணக்குப் பெயரில் பிறந்த ஆண்டு, பள்ளிப் பெயர், வசிக்கும் பேட்டை எதுவும் வேண்டாம்.

சந்தா

ஆன்லைனில் ஆட மாதச் சந்தா கட்டாயம் என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். முழுதும் உண்மை இல்லை. ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக், ஈஃபுட்பால் போல இலவசமாகக் கிடைக்கும் கேம்களை ஆன்லைனில் ஆட சோனியின் சந்தாவான பிளேஸ்டேஷன் பிளஸ் வேண்டாம். எக்ஸ்பாக்ஸும் 2021 ஏப்ரலில் இந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஸ்விட்சில் ஃபோர்ட்நைட் ஆடவும் சந்தா தேவையில்லை. முதல் மாதம் முழுவதும் இலவசக் கேமிலேயே ஓடட்டும். குழு கூடுகிறதா, அந்தச் சனிக்கிழமைக்கு எல்லாரும் வருகிறார்களா என்று தெரிந்த பிறகு சந்தா கட்டலாம்.

விலை கொடுத்து வாங்கும் கேம்களை ஆன்லைனில் ஆடத்தான் பிளேஸ்டேஷன் பிளஸ் வேண்டும். அதில் மூன்று படிகள் உண்டு. நண்பர்களோடு ஆட அடிப்படைப் படியான எசென்ஷியலே போதும். ஆண்டுச் சந்தாவை அவசரப்பட்டு வாங்காதீர்கள். நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே நேரத்திலும், மே, ஜூன் வாக்கில் டேஸ் ஆஃப் பிளே நேரத்திலும் வழக்கமாகத் தள்ளுபடி வரும். வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே பிளேஸ்டேஷன் 5-இல் ஆடினால் ஒருவர் சந்தா கட்டினால் போதும். கட்டியவரின் கணக்கில் கன்சோல் ஷேரிங் இயங்கிக்கொண்டிருந்தால் மற்றவரும் ஆன்லைன் போகலாம். நின்டெண்டோவில் குடும்பச் சந்தா எட்டுக் கணக்குகள் வரை தாங்கும்.

வீட்டு இணையம்

புதிதாக வருபவர்களின் பெரும்பாலான புலம்பல் இங்கேதான் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் ஒரு கிகாபிட் ஃபைபர் இருக்கிறது, ஆனாலும் ஏன் தடங்குகிறது என்பார்கள். ஒரு கிகாபிட் என்பது எவ்வளவு தரவு ஒரே நேரத்தில் வரும் என்பதன் அளவு. நூறு ஜிகாபைட் கேமை இறக்க அது உதவும். ஆட்டம் நடக்கும்போது போய்வரும் தரவோ மிகக் கொஞ்சம். அப்போது முக்கியம், நீங்கள் பொத்தானை அழுத்திய செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான். அதைத்தான் பிங் என்கிறோம். மில்லிசெகண்டில் சொல்வார்கள். அது குறைவாகவும் சீராகவும் இருக்க வேண்டும். 40-இலேயே நிற்கும் இணைப்பு, 10-க்கும் 150-க்கும் இடையில் தாவும் இணைப்பைவிட எவ்வளவோ மேல்.

இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். தென்கிழக்கு ஆசியாவுக்கான சர்வர்களைப் பல கேம் நிறுவனங்கள் சிங்கப்பூரில்தான் வைத்திருக்கின்றன. ஃபைபரில் அப்படிப்பட்ட சர்வரை அடைய வீட்டிலிருந்து பத்து மில்லிசெகண்டுக்குள் ஆகிவிடும்.

சென்னைச் சொந்தங்களோடு ஆடுபவர்களுக்கும் நல்ல செய்தி இருக்கிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் நேராக இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிள் 2002 முதல் இருக்கிறது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். போய்வர 6,400 கிலோமீட்டர் என்றால் 32 மில்லிசெகண்ட். இடையில் இருக்கும் கருவிகளின் தாமதத்தையும், அவர்கள் வீட்டு இணைப்பின் தரத்தையும் சேர்த்தாலும் கால்பந்தும் ராக்கெட் லீக்கின் கார் பந்தும் தாராளமாக ஆடலாம். கேமில் பகுதியைத் தேர்ந்தெடுக்க விட்டால் சிங்கப்பூர் சர்வரையும் இந்திய சர்வரையும் ஒவ்வொரு ஆட்டம் போட்டுப் பார்த்து, குழுவில் யாருக்கும் மோசமில்லாத ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருக்கும் நண்பரோடு அப்படி முடியாது. மேற்குக் கரைக்கே 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அவரோடு ஆட, நொடிப்பொழுது முக்கியமில்லாத மைன்கிராஃப்ட் போன்ற கேம்களைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, சர்வர் பக்கத்திலேயே இருந்தும் ஏன் தடங்குகிறது? வீவக வீட்டில் காரணம் பெரும்பாலும் வைஃபைதான். ஃபைபர் பெட்டி வரவேற்பறையில் இருக்கும், கன்சோல் கடைசிப் படுக்கையறையில் இருக்கும். நடுவில் கான்கிரீட் சுவர்கள். அதிலும் ஷெல்டர் அறை இருக்கும் வீடுகளில், அதன் தடித்த சுவரும் இரும்புக் கதவும் சிக்னலை விழுங்கிவிடும். ரவுட்டர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று ஷெல்டருக்குள் வைத்துக் கதவை மூடிவிடுபவர்களும் உண்டு. முதலில் அதை வெளியே எடுங்கள்.

பிறகு கேபிள். கன்சோலையும் ரவுட்டரையும் நேராக லேன் கேபிளால் இணைப்பதற்கு ஈடாக எதுவும் கிடையாது. பத்துப் பதினைந்து வெள்ளிக்குள் முடியும் வேலை இது. புதிய பிடிஓ வீடுகளில் படுக்கையறைச் சுவரிலேயே லேன் துளை இருக்கும். பலர் அதைப் பார்த்ததே இல்லை, கட்டில் மறைத்திருக்கும். ஃபைபர் பெட்டி இருக்கும் இடத்தில் அந்தத் துளைகளின் மறுமுனைகள் வந்து சேரும். ரவுட்டரிலிருந்து சரியான முனைக்கு ஒரு சிறு கேபிள் போட்டால் அறைக்குள் இணைப்பு உயிர் பெறும். பழைய வீடு என்றால் சுவரோரமாகத் தட்டைக் கேபிளை ஒட்டிக்கொண்டு போகலாம். அதற்கும் வழியில்லை என்றால் மெஷ் ரவுட்டர் (வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் பல பெட்டிகள்) வைத்து, கன்சோலை 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் இணையுங்கள். பழைய ஸ்விட்சில் லேன் துளை இல்லாவிட்டால் தனி அடாப்டர் வாங்க வேண்டும்.

இன்னொரு சிக்கல்: எல்லாம் சரியாக இருந்தும், குறிப்பிட்ட ஒரு நண்பரோடு மட்டும் சேர முடியவில்லை, அல்லது அவர் குரல் மட்டும் கேட்கவில்லை. அப்போது கன்சோலின் நெட்வொர்க் சோதனையில் நேட் வகையை, அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்பை உங்கள் ரவுட்டர் எவ்வளவு அனுமதிக்கிறது என்பதைப் பாருங்கள். பிளேஸ்டேஷனில் 1 அல்லது 2 என்று இருக்க வேண்டும், 3 என்றால் தொல்லை. எக்ஸ்பாக்ஸில் ஓப்பன் என்றும் ஸ்விட்சில் ஏ அல்லது பி என்றும் இருந்தால் நல்லது. மரியோ கார்ட் 8, ஸ்பிளாட்டூன் போன்றவற்றில் கருவிகள் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்வதால் இது இன்னும் முக்கியம். வழக்கமான காரணம், இணைய நிறுவனம் தந்த பெட்டியும் ரவுட்டர் வேலை செய்வது, அதன் பின்னால் நீங்கள் வாங்கி மாட்டிய ரவுட்டரும் அதே வேலையைச் செய்வது. நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து அவர்கள் பெட்டியை பிரிட்ஜ் நிலைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றித் தரக் கேளுங்கள். உங்கள் ரவுட்டரில் யூபிஎன்பி (தேவையான வழியைக் கன்சோல் தானே திறந்துகொள்ளும் வசதி) இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் இத்தோடு தீரும்.

பேசுவதற்கு

சேர்ந்து விளையாடுவதில் பாதிக்கு மேல் பேச்சுதான் என்பது என் உறுதியான எண்ணம். 2020 ஏப்ரலில் சர்க்கிட் பிரேக்கர் தொடங்கி எல்லாரும் வீட்டுக்குள் இருந்தபோது அனிமல் கிராஸிங் தீவுகளுக்கு ஒருவரையொருவர் அழைத்தவர்கள் அங்கே பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. பழம் பறித்தார்கள், மீன் பிடித்தார்கள், பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் போனார்கள்.

ஆகவே ஹெட்செட் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். விலை உயர்ந்தது தேவையில்லை. மைக் உள்ள 3.5 மில்லிமீட்டர் இயர்ஃபோனை பிளேஸ்டேஷன் 5 கண்ட்ரோலரிலும் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரிலும் நேராகச் செருகலாம். பிளேஸ்டேஷன் 5 கண்ட்ரோலரிலேயே ஒரு மைக் இருக்கிறது. அதை நம்பி டிவி ஸ்பீக்கரில் ஆடினால் டிவி சத்தம் எல்லாம் நண்பர்களின் காதில் எதிரொலிக்கும். வீட்டார் தொடர் பார்த்துக்கொண்டிருந்தால், குக்கர் விசிலடித்தால், அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் மைக்கை மூட, கண்ட்ரோலரின் நடுவில் சிறு பொத்தான் இருக்கிறது. அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

எல்லாரும் ஒரே குடும்பக் கருவியில் இருந்தால் அதன் பார்ட்டி சாட்டே போதும். கருவிகள் கலந்திருந்தால் டிஸ்கார்ட் என்ற பேச்சுச் செயலியை வையுங்கள். எக்ஸ்பாக்ஸில் 2022 முதலும் பிளேஸ்டேஷன் 5-இல் 2023 முதலும் டிஸ்கார்ட் குரல் பேச்சை நேராகக் கன்சோலுக்கே கொண்டுவரலாம். பழைய ஸ்விட்ச்காரர் கைப்பேசியில் டிஸ்கார்டைத் திறந்து ஒரு காதில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஸ்விட்ச் 2-இல் சி பொத்தானை அழுத்தினால் கேம்சாட் வரும், 12 பேர் வரை பேசலாம்.

பேச்சில் ஒரே ஒரு பழக்கத்தை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். “டேய், அங்கே, அங்கே!” என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. “சிவப்புக் கூரை வீடு, இடது பக்கம், ரெண்டு பேர்” என்று சொல்லுங்கள். தமிழ், ஆங்கிலம், மலாய் எல்லாம் கலந்து வரட்டும், இடமும் எண்ணிக்கையும் வந்தால் சரி. புதியவர் தவறு செய்யும்போது அந்தக் கணத்தில் திருத்தாதீர்கள். ஆட்டம் முடிந்து லாபிக்கு வந்த பிறகு ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். திட்டு வாங்கிய இரவுக்கு அடுத்த இரவு யாரும் வர மாட்டார்கள்.

எந்தக் கேமில் தொடங்குவது

குழுவில் ஒருவராவது கண்ட்ரோலரையே இப்போதுதான் பிடிக்கிறார் என்றால் ராக்கெட் லீக் எனக்குப் பிடித்த தேர்வு. காரை ஓட்டிப் பந்தைக் கோலுக்குள் தள்ள வேண்டும், ஆட்டம் ஐந்து நிமிடம். விதியை விளக்கவே தேவையில்லை. இலவசம். முதல் சில ஆட்டங்களைக் கணினி ஓட்டும் எதிரணியோடு ஆடுங்கள்.

ஃபோர்ட்நைட்டில் சுவர் கட்டும் வேகத்தைப் பார்த்து மிரண்டவர்கள் ஸீரோ பில்ட் என்ற முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் கட்டுமானமே கிடையாது. ஒளிவது, குறிபார்ப்பது, பேசிக்கொள்வது மட்டும்தான்.

இரண்டு பேர் மட்டும் என்றால், கணவன் மனைவியோ, தூரத்தில் இருக்கும் இரு நண்பர்களோ, இட் டேக்ஸ் டூ, ஸ்பிளிட் ஃபிக்ஷன் இரண்டையும் மனதாரச் சொல்வேன். இருவர் சேராமல் ஓர் அடிகூட நகர முடியாத கேம்கள். ஒருவர் வாங்கினால் போதும், ஃபிரெண்ட்ஸ் பாஸ் வழியாக மற்றவர் இலவசமாகச் சேரலாம். கேமுக்கு நூறு வெள்ளி பக்கம் போகும் காலத்தில் இது பெரிய உதவி. நால்வர் சத்தம் போட்டுச் சிரிக்க ஓவர்குக்ட் ஆல் யூ கேன் ஈட் இருக்கிறது. எல்லாரும் ஒரே சமையலறையில் முட்டி மோதிக்கொண்டு தோசைக்கடை வேகத்தில் தட்டு அனுப்ப வேண்டும்.

பிரீமியர் லீக் பைத்தியங்களுக்கு எஃப்சியின் கிளப்ஸ் முறை. நீங்கள் ஒவ்வொருவரும் ஓர் ஆட்டக்காரர், அணி உங்களுடையது. ஒருவர் பந்தை விட மறுத்தால் எல்லாரும் தோற்பீர்கள். அதனால் நண்பர்களின் குணம் தெரிந்துவிடும்.

சண்டைக் கேம்களுக்கு இந்த ஊரில் நீண்ட மரபு உண்டு. 2013-இல் ஈவோ என்ற உலகளாவிய சண்டைக் கேம் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டம் வென்ற ஸியான் சிங்கப்பூர்க்காரர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் கிராஸ்பிளேயும் ரோல்பேக் என்ற நுட்பமும் உண்டு. எதிராளியின் செய்தி வரும்வரை காத்திருக்காமல் ஊகித்து ஆட்டத்தை ஓட்டி, தவறானால் நொடியில் திருத்திக்கொள்வது அந்த நுட்பம். அதனால் சென்னை நண்பரோடும் தடங்கலில்லாமல் மோதலாம்.

முதல் இரவு

அன்று மாலையே எல்லாரும் கன்சோலை இயக்கி அப்டேட் முடிக்கச் சொல்லுங்கள். ஒருவரிடம் பழைய பதிப்பு இருந்தால் ஆட்டத்தில் சேரவே முடியாது. எல்லாரும் காத்திருக்க, அவர் இறக்கம் 12 விழுக்காட்டில் நிற்கும். ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக் இரண்டுக்கும், அவற்றை நடத்தும் எபிக் நிறுவனத்தின் கணக்கு வேண்டும். அதைக் கன்சோல் கணக்கோடு முன்பே இணைத்து, ஒருவரையொருவர் நண்பராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறித்த நேரத்தில் முதலில் பேச்சு இணைப்பில் சேருங்கள். குரல் எல்லாருக்கும் கேட்ட பிறகு ஒருவர் கேமில் பார்ட்டி தொடங்கி மற்றவர்களை அழைக்கட்டும். கருவிகள் கலந்திருந்தால் அமைப்பில் கிராஸ்பிளே இயங்குகிறதா என்று பாருங்கள். அழைப்பு வரவில்லையா? கேமை முழுதாக மூடித் திறந்தால் பாதிச் சிக்கல் தீரும், மீதிக்கு வேறொருவர் அழைத்துப் பார்க்கட்டும். முதல் நாள் ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். பிரியும் முன் அடுத்த நாளை முடிவு செய்து குழுவில் போட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் சேரும்போது

சிங்கப்பூரில் 2008 முதல் கேம்களுக்கு வயது வகைப்பாடு இருக்கிறது. ஏடிவி16 என்றால் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஏற்றது என்ற அறிவுரை. எம்18 என்றால் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கவே கூடாது. பிள்ளைக்கு உங்கள் கணக்கைக் கொடுக்காமல் சிறுவர் கணக்கு திறந்து கொடுங்கள். யாரோடு பேசலாம், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு என்று அதில் நீங்கள் கட்டுப்படுத்தலாம். செலவு வரம்பை முதலில் பூஜ்யத்தில் வையுங்கள்.

பிள்ளைகளிடம் மட்டுமல்ல, பெரியவர்களிடமும் சொல்ல வேண்டியது: கேமில் பழகிய அந்நியர் பாதி விலைக்கு ஆயுதமோ உடையோ தருகிறேன் என்றால், பணம் நிரப்பும் அட்டையின் எண்ணைக் கேட்டால், கைப்பேசிக்கு வந்த குறியீட்டைச் சொல்லச் சொன்னால், பேச்சை அங்கேயே வெட்டுங்கள். சந்தேகம் என்றால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799.

குழு நிலைக்க

சில வாரம் போனதும் ஒருவர் தேறிவிடுவார், ஒருவர் பின்தங்குவார். கேமைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாரம் ஒருவர் என்று சுற்றில் விடுங்கள். பின்தங்கியவரின் வாரத்தில் அவருக்கு வரும் கேம் மேலே வரும். வீட்டில் பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளை இருப்பவர், கைக்குழந்தை உள்ளவர் அரை மணி நேரம்தான் வர முடியும். அவர்களுக்காக ஐந்து நிமிடக் கேம் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஆடுங்கள். தீபாவளிக்கு வீடு வீடாகப் போகும்போது ஸ்விட்ச் எடுத்துப்போவது எளிது, அதன் பக்கவாட்டுக் கண்ட்ரோலர்களான ஒரு ஜோடி ஜாய்கானைப் பிரித்தால் இருவர் ஆடலாம். போகும்போது டாக் (ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் தாங்கி), எச்டிஎம்ஐ கேபிள், ஸ்விட்சோடு வந்த அதே மின் அடாப்டர் மூன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கைப்பேசி சார்ஜரைச் செருகினால் டிவியில் படம் வராது.